தெற்கு டிரோலுக்குப் புதிதாக வருகிறீர்களா? பள்ளத்தாக்கிலிருந்து தொடங்குங்கள்

இத்தாலியின் வடகோடியில், ஆஸ்திரியாவையும் சுவிட்சர்லாந்தையும் தொட்டபடி ஆல்ப்ஸ் மலைக்குள் இருக்கிறது தெற்கு டிரோல் என்ற தன்னாட்சி மாகாணம். ஜெர்மன் பேசுகிறவர்கள் இதைச் சூட்டிரோல் என்பார்கள், இத்தாலியன் பேசுகிறவர்கள் ஆல்தோ அதிஜே என்பார்கள். பரப்பு சுமார் 7,400 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் கூட. அதற்குள் ஜெர்மன், இத்தாலியன், லடின் என்று மூன்று மொழிகள், மூன்றுக்கும் தனித்தனிப் பள்ளி நிர்வாகம்.

படிப்புக்காகவோ வேலைக்காகவோ குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளவோ இங்கே வருகிற நம்மவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இவங்க இத்தாலியரா, ஜெர்மானியரா?” இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தொடங்கினால் வருடக் கணக்கில் இருந்தாலும் ஊர் பிடிபடாது. ஜெர்மன் பேசும் உள்ளூர்க்காரர் ஜெர்மனி நாட்டவர் அல்ல. இத்தாலியக் குடிமகன்தான், ஆனால் தன்னை இத்தாலியர் என்று சொல்லிக்கொள்வது பெரும்பாலும் இல்லை. எந்தப் பள்ளத்தாக்கு, வீட்டில் என்ன மொழி, எந்த மொழிப் பள்ளியில் படித்தார் என்ற மூன்றும் தெரிந்தால் ஆள் யாரென்று புரியத் தொடங்கும். அதனால் இந்த வழிகாட்டி விசா, வாடகை என்று தொடங்காமல் நிலத்திலிருந்து தொடங்குகிறது. காகித வேலைகளும் பின்னால் வருகின்றன.

படி 1: ஆறுகளை வைத்து வரைபடத்தைப் படியுங்கள்

தெற்கு டிரோலின் வரைபடத்தை விரித்தால் முதலில் குழப்பும். எங்கே பார்த்தாலும் சிகரம், எல்லா ஊருக்கும் இரண்டு பெயர். சாலைகளை விட்டுவிட்டு ஆறுகளைப் பாருங்கள்.

மேற்கே ரெஷன் கணவாய்க்குப் பக்கத்தில் பிறக்கிறது அதிஜே ஆறு, ஜெர்மனில் எட்ச். ஃபின்ஷ்காவ் பள்ளத்தாக்கு வழியாக மெரானோ வந்து, அங்கிருந்து தென்கிழக்காகத் திரும்புகிறது. வடக்கே பிரென்னர் கணவாயிலிருந்து இறங்குகிறது இசார்கோ, ஜெர்மனில் ஐசாக். அதனோடு பிரெஸ்ஸனோனே ஊரில் கிழக்கிலிருந்து வரும் ரியன்ஸ் ஆறு கலக்கிறது. இசார்கோவும் அதிஜேயும் தலைநகர் போல்சானோவை ஒட்டிச் சேர்ந்து தெற்கே சமவெளிக்குப் போகின்றன. ஊர்கள், ரயில் பாதை, நெடுஞ்சாலை, ஆப்பிள் தோட்டம், தொழிற்சாலை எல்லாம் இந்த ஆற்றோரக் கீற்றுகளில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. மாகாணத்தின் நிலத்தில் பாதிக்கு மேல் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே கிடக்கிறது. மேற்கு எல்லையில் நிற்கும் ஓர்ட்லர் சிகரம் 3,905 மீட்டர். வாடகை ஏன் இவ்வளவு என்று பின்னால் கேட்பீர்கள். வீடு கட்டத் தோதான நிலம் கொஞ்சம்தான் என்பது அதற்கு ஒரு பெரிய காரணம்.

இப்போது கிழக்கே புஸ்டர்டால் பள்ளத்தாக்கில் டோப்லாக் என்ற ஊரைத் தேடுங்கள். தட்டையான புல்வெளிதான், மலை எதுவும் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அந்தப் புல்வெளியின் ஒரு பக்கம் விழும் மழை ரியன்ஸ் வழியாக அட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது, மறுபக்கம் விழுவது டிராவா, டான்யூப் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது. நீர் பிரியும் இந்தக் கோடு வெறும் புவியியல் செய்தி அல்ல. முதல் உலகப்போர் முடிந்ததும் இத்தாலி கேட்டு வாங்கிய எல்லையே பெரும்பாலும் நீர்பிரி முகட்டை ஒட்டித்தான் போடப்பட்டது. 1,370 மீட்டர் உயரத்தில் உள்ள பிரென்னர் கணவாய் அன்று நாட்டின் எல்லை ஆனது. அதுவரை கணவாயின் இரு பக்கமும் ஒரே டிரோல்தான்.

இதை நேரில் உணர்வதற்குப் போல்சானோவின் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1991 செப்டம்பர் 19 அன்று பனியாற்றில் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டு பழைய மனிதர் ஏட்சி அங்கே குளிர் அறையில் இருக்கிறார். அவர் கிடந்த இடத்தின் பனி உருகினால் நீர் ஆஸ்திரியப் பக்கம்தான் ஓடும். ஆனால் எல்லை குறித்த காலத்தில் அங்கே பனியாறு மூடியிருந்ததால் கோடு சற்று விலகிப் போடப்பட்டிருந்தது. அளந்து பார்த்தபோது அவர் இத்தாலிய மண்ணில், எல்லையிலிருந்து 92.56 மீட்டர் உள்ளே கிடந்தார். அதனால்தான் அவர் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் இல்லாமல் போல்சானோவில் இருக்கிறார்.

படி 2: முதல் ஞாயிற்றுக்கிழமை ரோப் காரில் ஏறுங்கள்

போல்சானோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்தே ரிட்டன் மலைக்கு, இத்தாலியனில் ரெனோன், ரோப் கார் போகிறது. சுமார் 260 மீட்டரில் கிளம்பி ஏறத்தாழ 12 நிமிடத்தில் 1,220 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். கோடையில் கீழே நகரம் கிண்ணத்துக்குள் இருப்பதால் வெந்து கிடக்கும். இத்தாலியிலேயே வெயில் கடுமையான நகரங்களில் ஒன்றாக ஜூலையில் செய்தியில் வரும். மேலே இறங்கியதும் மெல்லிய ஸ்வெட்டர் தேவைப்படும்.

மேலிருந்து கிழக்கே பார்த்தால் ஷ்லெர்ன் மலையும் ரோசன்கார்ட்டன் சிகரங்களும் தெரியும். இவை டோலமைட் மலைகள். 2009 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருப்பவை. மாலை வெயில் பட்டதும் அந்தப் பாறை ரோஜா நிறத்துக்கு மாறும். லாரின் என்ற குள்ள அரசன் தன் ரோஜாத் தோட்டத்தைப் பகலிலும் இரவிலும் யாரும் பார்க்கக் கூடாது என்று மந்திரமிட்டான், அந்தி நேரத்தைச் சொல்ல மறந்தான் என்று கதை. கீழே பார்த்தால் ஆற்றோரம் தொழிற்பேட்டை, அடுக்குமாடிகள், பழைய நகரின் கோபுரங்கள். சரிவுகளில் தனித்தனியாக நிற்கும் பண்ணை வீடுகள். இங்கே நெடுங்காலமாக ‘மூடிய பண்ணை’ என்ற சட்டம் உண்டு. பண்ணையைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது, முழுசாக ஒருவருக்கே போகும். மற்றவர்களுக்கு ஈட்டுத்தொகை. அதனால்தான் சரிவில் நிற்கும் வீடும் அதைச் சுற்றிய நிலமும் துண்டாகாமல் தலைமுறை தலைமுறையாக நிற்கின்றன.

பேருந்து, ரயில், இந்த ரோப் கார் எல்லாவற்றுக்கும் சூட்டிரோல் பாஸ் என்ற ஒரே அட்டை போதும். வந்தவுடன் விண்ணப்பித்துவிடுங்கள். ஆண்டுக்கு எவ்வளவு அதிகம் பயணம் செய்கிறீர்களோ அவ்வளவுக்குக் கிலோமீட்டர் கட்டணம் குறைந்துகொண்டே வரும். ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைக் கருவியில் காட்ட வேண்டும்.

படி 3: எந்த மொழி எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள்

2011 கணக்கெடுப்பின்படி ஜெர்மன் 69.4 விழுக்காடு, இத்தாலியன் 26.1, லடின் 4.5. இந்த விகிதம் நிலத்தில் சமமாகப் பரவியிருக்கும் என்று நினைக்காதீர்கள். 116 ஊர் நிர்வாகங்களில் 103-இல் ஜெர்மன் பெரும்பான்மை, 8-இல் லடின், 5-இல் மட்டும் இத்தாலியன். அந்த ஐந்தும் போல்சானோவிலும் அதற்குத் தெற்கே அதிஜே கரையிலும் இருக்கின்றன: போல்சானோ, லாய்வெஸ், புரோன்சோலோ, வாதேனா, சலோர்னோ. மாகாணத் தலைநகரில் நான்கில் மூன்று பேர் இத்தாலியன் பேசுகிறவர்கள். மெரானோ கிட்டத்தட்ட சரிபாதி. அரை மணி நேரம் பேருந்தில் மலைக்குள் போனால் இத்தாலியன் பேசும் குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சலோர்னோவில் பள்ளத்தாக்கு குறுகி, இரு பக்கமும் பாறைச் சுவர் நெருங்கி நிற்கும். அதைத் தாண்டினால் திரெந்தோ மாகாணம், பெரும்பாலும் இத்தாலியன். ரயிலில் வெரோனாவிலிருந்து வரும்போது இந்த இடத்தில் கண்ணை மூடாதீர்கள். மொழியின் எல்லையை மலையே போட்டு வைத்திருப்பதை இவ்வளவு தெளிவாகப் பார்க்கக் கிடைப்பது அரிது.

படி 4: எல்லா ஊருக்கும் இரண்டு பெயரையும் மனப்பாடம் செய்யுங்கள்

போல்சானோ – போட்சன். பிரெஸ்ஸனோனே – பிரிக்சன். புருனிகோ – புருனெக். விப்பித்தேனோ – ஸ்டெர்ட்சிங். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பெயர், நண்பர் அனுப்பும் செய்தியில் இன்னொரு பெயர் இருக்கும். பேருந்து அறிவிப்பில் இரண்டும் வரும், லடின் பள்ளத்தாக்குகளில் மூன்று.

யாரோடு பேசுகிறீர்களோ அவர் மொழியின் பெயரைச் சொல்லுங்கள். இது வெறும் மரியாதை மட்டும் அல்ல. முசோலினி ஆட்சியில் 1923 முதல் ஜெர்மன் ஊர்ப்பெயர்களை எடுத்துவிட்டு, எத்தோரே தோலொமேய் என்பவர் தொகுத்த இத்தாலியப் பெயர்களைச் சட்டமாக்கினார்கள். ஊர், ஓடை, சிகரம் என்று ஆயிரக்கணக்கில். எந்தப் பெயர் எங்கே எழுதப்பட வேண்டும் என்ற தகராறு இன்னும் முழுசாகத் தீரவில்லை. மலைப்பாதையின் வழிகாட்டிப் பலகைகூடப் பிரச்சினை ஆனதுண்டு. மலையேறும் சங்கங்களே ஜெர்மன் மொழியினருக்கு ஒன்று, இத்தாலியருக்கு ஒன்று என்று இரண்டு. ஆனால் பாதையோரப் பாறையில் பூசியிருக்கும் சிவப்பு வெள்ளைக் குறி இருவருக்கும் பொது. மலையில் அதை நம்பிப் போங்கள்.

படி 5: நான்கைந்து ஆண்டுகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்

வரலாறு முழுக்க வேண்டாம். ஆனால் கீழே வரும் ஆண்டுகள் தெரியாமல் இங்கே ஒரு நாளிதழைக்கூடப் புரிந்து படிக்க முடியாது.

1919: சான் ஜெர்மேன் உடன்படிக்கை. ஆஸ்திரியாவின் டிரோல் இரண்டாகப் பிரிந்து, தெற்குப் பாதி இத்தாலிக்குப் போனது. அங்கே வாழ்ந்த மக்களை யாரும் கேட்கவில்லை. பிறகு வந்த பாசிச ஆட்சியில் ஜெர்மன் பள்ளிகள் மூடப்பட்டன. வீட்டு அறைகளிலும் கொட்டகைகளிலும் பிள்ளைகளுக்கு ரகசியமாக ஜெர்மன் சொல்லிக்கொடுத்தார்கள். பாதிரியார் மிகாயேல் காம்பர் இதை ஊர் ஊராக ஒழுங்கு செய்தவர்களில் முக்கியமானவர். 1930-களில் போல்சானோவில் பெரிய தொழிற்பேட்டை அமைத்து, இத்தாலியின் மற்றப் பகுதிகளிலிருந்து தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். நகரம் ஏன் இத்தாலியன் பேசுகிறது, மலை ஏன் ஜெர்மன் பேசுகிறது என்பதற்கு விடை பெரும்பாலும் இங்கே இருக்கிறது. அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் இதுதான் சொந்த ஊர், வேறு ஊர் கிடையாது. இதையும் மறக்கக் கூடாது.

1939: ஹிட்லரும் முசோலினியும் பேசி முடித்த ஏற்பாடு. ஜெர்மன் மொழியினர் ஒன்று ஜெர்மன் பேரரசுக்குக் குடிபெயர வேண்டும், அல்லது இங்கேயே இருந்து மொழியை விட வேண்டும். மிகப் பெரும்பான்மையோர் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சுமார் 75,000 பேர் உண்மையிலேயே போனார்கள், பலர் போருக்குப் பின் திரும்பினார்கள். போகிறவர்கள், இருப்பவர்கள் என்று ஒரே குடும்பம் பிளந்தது. கூடப்பிறந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வயதானவர்கள் இதைப் பற்றித் தாமாகப் பேசினால் உட்கார்ந்து கேளுங்கள், நீங்களாக விருந்து மேசையில் எடுக்காதீர்கள்.

1946: பாரிஸில் ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் குரூபரும் இத்தாலியப் பிரதமர் தெ காஸ்பேரியும் செய்துகொண்ட ஒப்பந்தம். இதுதான் தன்னாட்சியின் வேர். ஆனால் 1948-இல் வந்த முதல் தன்னாட்சிச் சட்டம் போல்சானோவையும் திரெந்தோவையும் ஒரே மண்டலமாகக் கட்டியது. அந்த மண்டலத்தில் இத்தாலியர்களே பெரும்பான்மை, அதிகாரமும் அவர்களிடம். 1957-இல் சிக்முண்ட்ஸ்குரோன் கோட்டையில் பல்லாயிரம் பேர் கூடி, திரெந்தோவிடமிருந்து பிரித்து விடுங்கள் என்று முழங்கினார்கள். ஜெர்மன் மொழியினரின் கட்சித் தலைவர் சில்வியுஸ் மாக்னாகோ அந்தக் கூட்டத்தில் பேசிய பேச்சு இன்றும் நினைவுகூரப்படுகிறது. கோட்டை இப்போது மலையேற்ற வீரர் ரெய்ன்ஹோல்ட் மெஸ்னரின் அருங்காட்சியகம். போல்சானோவிலிருந்து பக்கம்தான்.

1961: ஜூன் 11 இரவு. இயேசுவின் திரு இருதயத் திருநாள் ஞாயிறு அன்று மலைமுகடுகளில் தீ மூட்டுவது 1796 காலத்து நேர்ச்சையை ஒட்டிய பழைய வழக்கம். அந்த ஆண்டு அதே இரவில், இத்தாலியிடமிருந்து விடுதலை கோரியவர்கள் பல மின்கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே ஆஸ்திரியா தெற்கு டிரோல் பிரச்சினையை ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டுபோயிருந்தது. ஜூன் மாதத்தில் நீங்களும் அந்தத் தீயைப் பார்ப்பீர்கள். இருட்டில் முகட்டு வரிசையே புள்ளி புள்ளியாக எரியும், சிலுவையும் இருதயமும் தீயால் வரைந்திருப்பார்கள். சிலருக்கு அது பக்தி, சிலருக்கு அரசியல், பெரும்பாலோருக்கு இரண்டும் கலந்தது.

1972: இரண்டாம் தன்னாட்சிச் சட்டம். பள்ளி, மருத்துவம், சாலை, வீட்டுவசதி, வேளாண்மை என்று பெரும்பாலான அதிகாரம் மாகாணத்துக்கே வந்தது. வசூலாகும் வரியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இங்கேயே தங்குகிறது. 1992-இல் ஆஸ்திரியாவும் இத்தாலியும் சர்ச்சை தீர்ந்தது என்று ஐ.நா.வுக்கு எழுதிக் கொடுத்தன. திபெத்துக்கு ஒரு முன்மாதிரி என்று தலாய் லாமா பலமுறை இங்கே வந்து பார்த்துப் போயிருக்கிறார்.

ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, போல்சானோவின் வெற்றிச் சின்னத்தையும் நிதித்துறைக் கட்டடத்தையும் பார்த்துவிடுங்கள். 1928-இல் பாசிச அரசு எழுப்பிய வெற்றிச் சின்னத்தில், மற்றவர்களுக்கு மொழியும் சட்டமும் கலையும் கொடுத்தோம் என்ற பொருளில் லத்தீன் வாசகம் பொறித்திருக்கிறது. இடிக்க வேண்டும் என்று ஒரு பக்கமும் கை வைக்காதே என்று மறுபக்கமும் பல பத்தாண்டுகள் சண்டை. கடைசியில் 2014-இல் அதன் அடியிலேயே அந்தக் காலத்தின் கதையைச் சொல்லும் கண்காட்சியைத் திறந்தார்கள். நிதித்துறைக் கட்டடத்தின் முகப்பில் குதிரைமேல் முசோலினி இருக்கும் பெரிய கற்சிற்பம். அதை எடுக்காமல் அதன்மேல் 2017-இல், கீழ்ப்படிவதற்கு எவருக்கும் உரிமையில்லை என்ற, அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்டின் வாசகத்தை மூன்று மொழியிலும் ஒளியெழுத்தில் ஏற்றினார்கள். இந்த ஊர் தன் காயத்தோடு எப்படி வாழக் கற்றுக்கொண்டது என்பதற்கு இந்த இரண்டு இடங்களைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

படி 6: காகித வேலைகள்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் வந்த எட்டு வேலை நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அஞ்சலகத்தில் அதற்கான உறையை வாங்கி நிரப்பி, அங்கேயே கொடுத்து ரசீது வாங்குங்கள். அந்த ரசீதைத் தொலைக்கவே கூடாது. அட்டை வரும்வரை அதுதான் உங்கள் சான்று. பிறகு காவல்துறைத் தலைமையகத்தில் கைரேகை. வரி எண் வாங்கிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் சிம் கார்டுகூடச் சிரமம். அப்புறம் நகராட்சியில் குடியிருப்புப் பதிவு. நீங்கள் சொன்ன முகவரியில்தான் இருக்கிறீர்களா என்று பார்க்க ஆள் வருவார். அழைப்பு மணியில் உங்கள் பெயரை ஒட்டிவையுங்கள்.

இங்கே ஒரு தனி வசதி உண்டு. அரசு அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் ஜெர்மன், இத்தாலியன் இரண்டில் எதில் வேண்டுமானாலும் பேசலாம், பதில் அந்த மொழியில் வர வேண்டும். இது 1988 ஆணை தந்த உரிமை. படிவங்கள் இரு மொழியிலும் இருக்கும். உங்களுக்கு ஒரு மொழி அரைகுறையாகத் தெரிந்து, இன்னொன்று சுத்தமாகத் தெரியாவிட்டால், முதலிலேயே எந்த மொழி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கடிதங்கள் அதில் வரும்.

அரசு வேலை மீது கண் இருந்தால் இரண்டு விஷயம். ஒன்று, இருமொழித் தேர்வு. வேலையின் நிலையைப் பொறுத்து, ஐரோப்பிய மொழித் தேர்ச்சி அளவில் ஏ2 முதல் சி1 வரை தேற வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட வேறு மொழிச் சான்றிதழ்களையும் ஏற்கிறார்கள். இரண்டு, விகிதாசார முறை. பணியிடங்கள் மொழிக் குழுக்களின் மக்கள்தொகைக்கேற்பப் பிரிக்கப்படுகின்றன. அதற்காக எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். மூன்றிலும் சேராதவர் ‘மற்றவர்’ என்று எழுதலாம், ஆனாலும் மூன்றில் ஒன்றோடு தன்னை இணைத்துக்கொண்டாக வேண்டும். இரு மொழிக் குடும்பத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இது வலி தரும் விஷயம். அலெக்சாண்டர் லாங்கர் என்ற அரசியல்வாதி இந்தப் பிரிப்பை எதிர்த்து உறுதிமொழி எழுத மறுத்தவர்களில் முன்னணியில் நின்றார். என் எண்ணம் இதுதான்: எழுபதுகளில் இந்த விகிதாசாரம் இல்லாமல் அமைதி வந்திருக்காது, ஆனால் இன்றைய பிள்ளைகளுக்கு அது இறுக்கமான சட்டை.

பள்ளி பற்றி முன்கூட்டியே முடிவெடுங்கள். ஜெர்மன் பள்ளி, இத்தாலியப் பள்ளி இரண்டும் தனித்தனிக் கட்டடம், தனி நிர்வாகம். இரண்டிலும் மற்ற மொழி கட்டாயப் பாடம். வீடு இருக்கும் ஊரின் பெரும்பான்மை மொழிப் பள்ளியில் சேர்த்தால் பிள்ளைக்கு மாலையில் விளையாடத் துணை கிடைக்கும். மற்றதெல்லாம் பிறகு.

படி 7: எந்த மொழியை முதலில் படிப்பது

போல்சானோ, மெரானோவில் குடியிருந்தால் இத்தாலியன். மலைப் பள்ளத்தாக்கில் வேலை என்றால் ஜெர்மன். இதுதான் சுருக்கமான பதில். 1997-இல் தொடங்கிய போல்சானோ பல்கலைக்கழகம் ஜெர்மன், இத்தாலியன், ஆங்கிலம் மூன்றிலும் பாடம் நடத்துகிறது. ஆங்கிலத்திலேயே முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. படிப்பு முடியும், வேலை கிடைக்காது.

ஜெர்மன் படிக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வகுப்பில் படிப்பது எழுத்து ஜெர்மன். கடையில் கேட்பது தெற்கு டிரோலின் பேச்சு வழக்கு, அதுவும் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வேறு. புஸ்டர்டால்காரரையும் ஃபின்ஷ்காவ்காரரையும் அவர்களே பேச்சை வைத்துப் பிரித்துவிடுவார்கள். எட்டு மாதம் வகுப்புக்குப் போயும் ரொட்டிக்கடையில் ஒன்றும் புரியவில்லை என்றால் மனம் விடாதீர்கள். பள்ளியில் பத்து ஆண்டுக்கு மேல் ஜெர்மன் படித்த போல்சானோ இத்தாலியர்களுக்கும் இதே சிக்கல்தான். எழுத்து மொழியில் பேசுங்கள் என்று கேட்டால் மாற்றிக்கொள்வார்கள்.

படி 8: லடின் பள்ளத்தாக்குகளைத் தவறவிடாதீர்கள்

செல்லா என்ற பாறைத் தொகுதி ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி நான்கு திசையிலும் நான்கு பள்ளத்தாக்குகள்: கெர்தெய்னா, பாதியா, ஃபோதோம், ஃபாசா. கிழக்கே தள்ளி அம்பெட்சோ. ஐந்திலும் லடின் பேசுகிறார்கள், ஒவ்வொன்றும் தனி வழக்கு. கிமு 15-இல் ரோமானியர் ஆல்ப்ஸைப் பிடித்த பிறகு மலைக்குள் வந்து சேர்ந்த பேச்சு லத்தீன், பக்கத்து மொழிகள் எல்லாம் மாறிய பிறகும் இந்த உயரத்தில் தன் போக்கில் வளர்ந்தது. சுமார் 30,000 பேர் பேசுகிறார்கள். பாசிசக் காலத்தில் இந்தப் பகுதியை மூன்று மாகாணங்களாகப் பிரித்தார்கள், அந்தப் பிரிவு இன்றும் நீடிக்கிறது. கெர்தெய்னாவும் பாதியாவும் மட்டுமே தெற்கு டிரோலில் இருக்கின்றன. அதனால் அங்கே மட்டும்தான் முழுப் பாதுகாப்பு. கணவாய் தாண்டி ஃபோதோம் போனால் அதே மொழிக்கு அவ்வளவு ஆதரவில்லை.

இந்த இரண்டு பள்ளத்தாக்குகளின் பள்ளிகளில் பாதிப் பாடம் ஜெர்மனில், பாதி இத்தாலியனில், கூடவே லடின் பாடம். பிள்ளைகளை மொழி வாரியாகப் பிரிப்பதே இல்லை. மாகாணத்தின் மற்ற பகுதிக்கு இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சான் மார்டின் தெ தோர் ஊரில் லடின் நிறுவனமும் கோட்டைக்குள் அருங்காட்சியகமும் இருக்கின்றன. பாதியாவில் கடைக்குள் நுழைந்து ‘புன் தே’ என்று வணக்கம் சொல்லி, கிளம்பும்போது ‘ஜுலான்’ என்று நன்றி சொல்லுங்கள், அது போதும்.

படி 9: ஆண்டின் போக்கு

ஏப்ரலில் ஆப்பிள் பூக்கும். சுமார் 18,000 ஹெக்டேர் ஆப்பிள் தோட்டம் இருப்பதால் பள்ளத்தாக்கே வெள்ளையாகிவிடும். அப்போது இரவில் உறைபனி வரும் என்றால் விவசாயிகள் நடுராத்திரியில் தெளிப்பான்களைத் திறந்துவிடுவார்கள். பூவின்மேல் விழும் நீர் உறைந்து கண்ணாடிபோல் மூடும். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் பூவைச் சாகாமல் காக்கும். விடியற்காலையில் ஃபின்ஷ்காவ் ரயிலில் போனால், ஒவ்வொரு பூவும் பனிக்கட்டிக்குள் இருக்க, தோட்டம் முழுக்கச் சூரியன் பட்டுச் சொட்டுவதைப் பார்க்கலாம்.

அதே ஃபின்ஷ்காவ் மழை குறைந்த பள்ளத்தாக்கு. பனியாற்று நீரை மலைச்சரிவில் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுவரும் பழைய வாய்க்கால்கள் உண்டு, ஓரத்தில் நடைபாதை. சில இடங்களில் நீர்ச்சக்கரம் சுற்ற, அதோடு ஒரு சுத்தியல் மணியைத் தட்டிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் மேலே எங்கோ அடைப்பு என்று வாய்க்கால் காவலருக்குத் தெரிந்துவிடும். குழந்தைகளோடு போக இதைவிட எளிய நடை இல்லை, ஏற்றமே இருக்காது.

அக்டோபரில் பண்ணை வீடுகளில் புது ஒயினும் சுட்ட செஸ்ட்நட்டும் வைத்து விருந்து நடக்கும். சைவம் என்றால் கீரை அல்லது சீஸ் போட்ட க்னோடல் உருண்டையும் ஷ்லுட்ஸ்கிராப்ஃபன் என்ற கீரை அடைத்த மாவுப் பண்டமும் கேளுங்கள், மேலே பன்றி இறைச்சித் துண்டு தூவ வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். இடம் முன்பதிவு செய்தாக வேண்டும். கடைசிப் பேருந்து கிராமத்திலிருந்து எத்தனை மணிக்கு என்பதையும் போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள், பல பள்ளத்தாக்குகளில் அது சீக்கிரமே போய்விடும். மலையில் ஏதாவது ஆனால் அழைக்க வேண்டிய எண் 112.